வலைத்தள விற்பனையும் நிபுணர் நியமனமும்

வலைத்தளம் அமைத்துச் சரக்கு விற்பது இக்காலத்தில் பெரிய வியாபாரிகளுக்கு மட்டுமே உரிய காரியமன்று. 1935 ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் தன் சேலைகளைக் கடைகளில் விற்பதோடு வலைத்தளத்தின் வாயிலாகவும் விற்று வருகிறது. நெசவாளரும் கைவினைஞரும் இடைத்தரகரின்றி விற்பதற்கென்று மத்திய ஜவுளி அமைச்சகம் ‘இந்தியா ஹேண்ட்மேட்’ என்னும் தளத்தை 2023 இல் தொடங்கியது. கூறைநாட்டுச் சேலை நெய்யும் சங்கமாயினும், மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் அரைத்து விற்கும் உழவர் நிறுவனமாயினும், தனக்கென்று ஒரு தளம் வைத்துக்கொள்வது இன்று எளிதாகிவிட்டது.

தளம் அமைத்த சில மாதங்களில் சங்கத்தாருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. “ஆயிரக்கணக்கானோர் வந்து பார்க்கிறார்கள் என்று கணக்குக் காட்டுகிறது, வாங்குகிறவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாக இருக்கிறார்கள். இது ஏன்?” என்பதே அவ்வையம். அதனைத் தீர்த்துவைப்பதாகக் கூறும் தொழிலாளர் வகுப்பு ஒன்று உலகெங்கும் தோன்றியிருக்கிறது. கன்வர்ஷன் நிபுணர் என்று அவர்களுக்குப் பெயர். பார்க்க வருவோரை வாங்குவோராக மாற்றுவது அவர்கள் தொழில். அத்தகைய ஒருவரைச் சங்கம் நியமிக்கலாமா, எப்போது நியமிக்கலாம், என்ன நிபந்தனையின்மேல் நியமிக்கலாம் என்பனவற்றை அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில் அவருக்குக் கொடுக்கும் ஊதியம் அங்கத்தினர்களின் பங்குத் தொகையிலிருந்தும், தறியில் அமர்ந்தவரின் உழைப்பில் விளைந்த லாபத்திலிருந்துமே போகவேண்டும்.

விகிதம் என்பது யாது?

கணக்கு விளக்கத்திற்காக ஒரு சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் தளத்தை மாதத்திற்கு 3,000 பேர் பார்க்கிறார்கள். அவர்களில் 30 பேர் சேலை வாங்குகிறார்கள். நூற்றுக்கு ஒருவர் வாங்குகிறார் ஆகையால் விற்பனை விகிதம் 1 சதவீதம். இதுவே கன்வர்ஷன் ரேட் எனப்படுவது.

மற்ற 2,970 பேரும் ஒரே இடத்தில் திரும்பிப் போனவர்கள் அல்லர். 3,000 பேரில் 900 பேர் ஏதேனும் ஒரு சேலையின் படத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். 150 பேர் அதனைக் கூடையில் இட்டிருக்கலாம். 60 பேர் பணம் செலுத்தும் பக்கம்வரை வந்திருக்கலாம். 30 பேர் பணம் செலுத்தி முடித்திருக்கலாம். காவிரிப் பாசனம் அறிந்த நமக்கு இதனை விளக்க நெடிய சொற்கள் வேண்டா. மேட்டூரில் திறந்த நீர் ஆற்றிலும் வாய்க்காலிலும் கன்னியிலும் கசிந்து, கடைமடையாகிய நம் வயலை அடையும்போது எவ்வளவு எஞ்சுகிறது என்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வாய்க்காலில் உடைப்பு இருக்குமானால் அணையில் மேலும் மதகு திறப்பதால் பயனில்லை. உடைப்பு இருக்கும் இடத்தைக் கண்டு அடைக்கவேண்டும். விளம்பரத்துக்குப் பணம் செலவிட்டு மேலும் ஆட்களை அழைப்பது மதகு திறப்பது போன்றது. வந்தவர் எவ்விடத்தில் திரும்பினார் என்று கண்டு அதைச் சீர்செய்வது உடைப்பு அடைப்பது போன்றது. நிபுணரின் வேலை இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

நிபுணர் செய்வது என்ன?

முதலாவதாக, வருகையாளர் படிப்படியாகக் குறையும் கணக்கை எடுப்பார். இரண்டாவதாக, குறைவதற்கான காரணத்தைத் தேடுவார்: வாங்கியவரையும் வாங்காதவரையும் விசாரிப்பார், தொலைபேசியில் வந்த கேள்விகளைப் படிப்பார், தளத்தைப் பயன்படுத்துகிறவரின் அருகே இருந்து கவனிப்பார். மூன்றாவதாக, ஒரு பக்கத்தை இருவகையாக அமைத்து, வருவோரில் பாதிப்பேருக்குப் பழைய வகையையும் பாதிப்பேருக்குப் புதிய வகையையும் காட்டி, எதில் விற்பனை அதிகம் என்று பரீட்சிப்பார்.

இம்மூன்றாவது முறை வியாபார உலகில் பிறந்த புதுமையன்று. அது வயலில் வளர்ந்தது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் பணியாற்றிய ரொனால்ட் பிஷர் என்னும் அறிஞர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வதுபோல் ஒதுக்கி ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும் என்று காட்டினார். பரிசோதனை வகுக்கும் முறையைப் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1935 இல் வெளிவந்தது. நமக்கு அருகில் 1922 முதல் இயங்கிவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ரகங்களை ஒப்பிடுவதும் இத்தகைய முறையில்தான். ஒரே மண், ஒரே பருவம், ஒரே நீர். வேறுபடுவது விதை மட்டும். இந்த ஆண்டு குறுவையையும் போன ஆண்டு சம்பாவையும் வைத்து இரண்டு விதைகளுக்குத் தரம் சொல்லும் உழவர் எவருமில்லை.

ஆயினும் வலைத்தள விற்பனையில் அத்தகைய ஒப்பீடு அடிக்கடி நடைபெறுகிறது. மார்கழியில் வேலை தொடங்கிய ஒருவர், தை மாதத்தில் விற்பனை உயர்ந்ததைக் காட்டித் தம் திறமை என்று கூறலாம். முகூர்த்த மாதம் பிறந்ததே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். அவ்வாறே ஆடி மாத விற்பனையை வைத்து ஒருவரைக் குறை கூறுவதும் நியாயமாகாது. ஒரே காலத்தில் இருவகைப் பக்கங்களையும் காட்டி ஒப்பிட்டாலன்றி, அல்லது குறைந்த பட்சம் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டாலன்றி, உயர்வையோ தாழ்வையோ நிபுணரின் பெயரில் எழுதக்கூடாது.

சிறு சங்கத்திற்குள்ள இடையூறு

இங்குதான் அங்கத்தினர்கள் மிகக் கவனமாகச் சிந்திக்கவேண்டும். நமது கற்பனைச் சங்கத்தின் விகிதம் 1 சதவீதத்திலிருந்து 1.2 சதவீதமாக உயர்ந்ததா என்று பரீட்சையினால் அறியவேண்டுமென்று வைத்துக்கொள்வோம். தற்செயலாய் நேர்ந்த வேறுபாட்டை உண்மை என்று கொள்ளும் பிழை நூற்றுக்கு 5 ஐ விஞ்சாமலும், உண்மையான உயர்வை ஐந்தில் நான்கு முறையாவது கண்டுகொள்ளும்படியும் பரீட்சையை அமைப்பது புள்ளியியல் வழக்கம். அந்த வழக்கப்படி கணக்கிட்டால் ஒவ்வொரு வகைப் பக்கத்தையும் ஏறத்தாழ 40,000 பேர் பார்க்கவேண்டும். நம் சங்கத்திற்கு மாதம் வருவோர் 3,000 பேர். ஒவ்வொரு வகைக்கும் 1,500 பேர். ஆகவே ஒரே ஒரு பரீட்சை முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும்! அதற்குள் நூல் விலை மாறும், வடிவமைப்பு மாறும், நிர்வாகக் குழுவும் மாறிவிடலாம்.

இரண்டே வாரத்தில் பரீட்சை முடித்து, “பழைய பக்கத்தில் 7 பேர் வாங்கினார்கள், புதிய பக்கத்தில் 10 பேர் வாங்கினார்கள், 40 சதவீதத்திற்கு மேல் உயர்வு” என்று ஒருவர் அறிக்கை கொடுப்பாரானால் அதனை நம்புவதற்கில்லை. மூன்று பேர் வித்தியாசம் ஒரு குடும்பம் கல்யாணத்திற்குச் சேலை எடுத்ததாலேயே ஏற்படலாம்.

எனினும் பெருங்குறைகளைக் கண்டறிய அவ்வளவு ஆட்கள் வேண்டா. விகிதத்தை இருமடங்காக்கத்தக்க ஒரு திருத்தம் இருக்குமானால், ஒவ்வொரு வகைக்கும் சுமார் 2,300 பேர் பார்த்தாலே அது விளங்கிவிடும். நம் சங்கத்திற்கு அது ஒன்றரை மாத வேலை. இன்னும் வெளிப்படையான குறைகளுக்குப் பரீட்சையே தேவையில்லை. ஐந்தாறு பேர் தளத்தைப் பயன்படுத்துவதை அருகிருந்து பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தென்பட்டுவிடும்.

நியமனத்திற்கு முன் நாமே செய்யத்தக்கவை

ஆதலால் நிபுணரைத் தேடுமுன் சங்கத்தார் தாமே செய்யத்தக்க காரியங்கள் சில உள்ளன.

சங்கத்தோடு தொடர்பில்லாத ஐந்து பேரை அழைத்து, அவரவர் கைப்பேசியிலேயே தளத்தைத் திறந்து ஒரு சேலை வாங்கும்படி சொல்லுங்கள். அருகில் அமர்ந்து பாருங்கள். வழி சொல்லிக் கொடுக்காதீர்கள். எங்கே தயங்குகிறார், எதைத் தேடுகிறார், எங்கே பொறுமையிழக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். படம் திறக்க நேரமாகிறதா? எழுத்துகள் சிறியனவா? யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்த முடிகிறதா? இவையே முதற் குறிப்புகள்.

அடுத்து, சங்க அலுவலகத்திற்குத் தொலைபேசியில் வரும் கேள்விகளை ஒரு மாத காலம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். “இது முழுப் பட்டா, பருத்தி கலந்ததா? நீளம் எத்தனை மீட்டர்? ரவிக்கைத் துணி உண்டா? வீட்டில் துவைக்கலாமா? சாயம் போகுமா? எத்தனை நாளில் வந்து சேரும்? பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாமா?” இவற்றுள் எந்தக் கேள்வி மீண்டும் மீண்டும் வருகிறதோ, அதற்கு விடை தளத்தில் இல்லை என்பது பொருள். பட்டும் பருத்தியும் கலந்து கட்டமிட்டு நெய்யும் கூறைச் சேலையை அவ்வாறே எழுதிக் காட்டுவது நன்று. ‘பட்டுச் சேலை’ என்று மட்டும் எழுதினால் வாங்குவோர் ஒருகால் அதிகமாகலாம். திருப்பி அனுப்புவோரும் அதிகமாவார்கள். அரிசி விற்பவராயின் எடை, அரைத்த தேதி, தீட்டியதா தீட்டாததா, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும்.

நம்பிக்கைக்கு அடையாளமானவற்றையும் மறைத்து வைக்கலாகாது. கைத்தறி முத்திரை 2006 முதல் வழக்கிலுள்ளது. திருபுவனம் பட்டுச் சேலை 2019 இல் புவிசார் குறியீடு பெற்றது. உரிமையுள்ள சங்கங்கள் இவற்றைச் சேலையின் படத்திற்கு அருகிலேயே காட்டவேண்டும்.

இறுதியாக, இருப்புப் பதிவேடும் தளமும் ஒத்திருக்கவேண்டும். கைத்தறியில் ஒவ்வொரு சேலையும் தனித்தன்மை உடையது. காலையில் சங்கக் கடையில் விற்றுப்போன சேலை மாலையிலும் தளத்தில் காட்சியளித்து, அதற்கு ஒருவர் பணமும் செலுத்திவிட்டால், அவ்வாடிக்கையாளரை நாம் இழந்தவர்களாவோம். இந்தக் குறையை எந்த நிபுணராலும் நீக்க முடியாது. பதிவேடு எழுதுபவரால்தான் முடியும்.

வரவு செலவுக் கணக்கு

இவற்றைச் செய்து முடித்த பின்னரும் நிபுணர் வேண்டுமெனத் தோன்றினால் வரவு செலவு பார்க்கவேண்டும். நம் கற்பனைச் சங்கத்தில் ஒரு சேலையின் சராசரி விலை 2,500 ரூபாய் என்றும், நூல், சாயம், கூலி, அஞ்சல் ஆகிய செலவுகள் போகச் சங்கத்திற்கு நிற்பது 15 சதவீதம், அதாவது 375 ரூபாய் என்றும் கொள்வோம். மாத விற்பனை 30 சேலையிலிருந்து 36 ஆக உயர்ந்தால் கூடுதல் லாபம் 2,250 ரூபாய். மூன்று மாத வேலைக்கு நிபுணர் 60,000 ரூபாய் பெறுவாரானால், அந்த உயர்வு குன்றாமல் நிலைத்து நின்றாலும் செலவை மீட்க 27 மாதங்கள் ஆகும். கூடுதலாக விற்கும் ஆறு சேலைக்குரிய நெய்கூலி அங்கத்தினருக்குக் கிடைப்பது உண்மையே. தறி நிற்காமல் ஓடுவதும் ஒரு நன்மையே. ஆயினும் 27 மாதக் கடனைத் தனியொரு சிறு சங்கம் இதற்காகச் சுமப்பது சிக்கனமாகாது.

இதே சங்கத்தைப்போன்ற பத்துச் சங்கங்கள் சேர்ந்து ஒரு பொதுத் தளத்தில் விற்பனை செய்து, ஒரே நிபுணரை நியமித்தால் என்ன ஆகும்? சங்கம் ஒன்றுக்குச் செலவு 6,000 ரூபாய். மாதம் 2,250 ரூபாய் கூடுதல் லாபம் வருமானால் மூன்று மாதத்திற்குள் மீண்டுவிடும். அத்துடன் தளத்திற்கு வருவோர் மாதம் 30,000 பேராவர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகவேண்டிய பரீட்சையும் மூன்று மாதத்திற்குள் முடிந்துவிடும். ஆகவே கூடிச் செய்வதால் செலவு குறைவதோடு, தனித்தனியே அறியமுடியாத உண்மையை அறியவும் முடிகிறது. மாவட்ட அளவிலோ தலைமைச் சங்கத்தின் வாயிலாகவோ இதனைச் செய்வது சாலச் சிறந்தது.

உடன்படிக்கையில் இருக்கவேண்டியவை

நிபுணரைத் தெரிந்தெடுக்கும்போது, முன்பு செய்த வேலைக்கு எண்களோடு கூடிய சான்று கேளுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை நாள் பரீட்சித்தார், தோல்வியுற்ற பரீட்சைகள் எவை என்று வினவுங்கள். தோல்வியே கண்டதில்லை என்பவரைவிட, எவை பயன்படவில்லை என்று சொல்லக்கூடியவரே நம்பத்தக்கவர். “உங்கள் தளத்திற்கு வருவோர் மிகக் குறைவு, இப்போது பரீட்சை வேண்டா” என்று தாமாகவே சொல்பவர் கிடைத்தால், அவர் நம் பணத்தை மதிப்பவர் என்று அறியலாம்.

விகிதத்தை மட்டும் அளவுகோலாக வைத்து ஊதியம் பேசாதீர்கள். இதிலுள்ள சூழ்ச்சியை ஒரு கணக்கால் விளக்கலாம். விளம்பரத்தை நிறுத்திப் புதியவர்களை வரவிடாமல் செய்தால், வருவோர் 3,000 இலிருந்து 1,000 ஆகக் குறைவர். பழைய வாடிக்கையாளர் 20 பேர் வாங்குவர். விகிதம் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக இருமடங்காகிவிட்டது. விற்ற சேலையோ 30 இலிருந்து 20 ஆகக் குறைந்துவிட்டது! விலையைத் தாழ்த்தியும் விகிதத்தை உயர்த்தலாம். அதனால் நட்டமுறுவது சங்கம். ஆகவே திருப்பி அனுப்பியவை போக நிகரமாக விற்ற சேலைகளின் எண்ணிக்கை, அவற்றால் சங்கத்திற்கு நின்ற லாபம் ஆகிய இரண்டையுமே அளவுகோலாகக் கொள்ளவேண்டும். நிர்வாகக் குழுவின் தீர்மானமின்றித் தள்ளுபடி அறிவிக்கும் அதிகாரம் நிபுணருக்கு இருக்கலாகாது.

தளத்தின் பெயர்ப் பதிவு, கடவுச்சொற்கள், வருகைக் கணக்குகள் ஆகிய யாவும் சங்கத்தின் பெயரிலேயே இருக்கவேண்டும். நிபுணருக்குத் தேவையான அளவு அனுமதி கொடுத்து, வேலை முடிந்த அன்றே அதனைத் திரும்பப் பெறவேண்டும். வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பிறருக்குப் போகக்கூடாது; அவை நம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டவை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023 இல் இயற்றப்பட்டிருக்கிறது.

வேலை தொடங்குமுன் உள்ள நிலையைத் தேதியிட்டு எழுதி இருதரப்பாரும் கையொப்பமிடவேண்டும். மாதந்தோறும் தமிழில் ஓர் அறிக்கை நிர்வாகக் குழுவின்முன் வைக்கப்படவேண்டும். முதல் உடன்படிக்கை மூன்று மாதத்திற்கு மேற்படாதிருத்தல் நன்று. விலைப்புள்ளி கேட்பதும் தீர்மானம் இயற்றுவதும் சங்கத்துக்குரிய விதிகளின்படியே நடக்கவேண்டும் என்பதைத் தனியே சொல்லவேண்டுவதில்லை.

செய்யத்தகாதன

இருபது சேலை இருப்பில் இருக்க, “இன்னும் இரண்டே உள்ளன, விரைந்து வாங்குக” என்று அச்சுறுத்துவதும், விலையைக் குறைத்துக் காட்டிக் கடைசிப் பக்கத்தில் வேறு கட்டணங்களைச் சேர்ப்பதும், கேளாத பொருளைக் கூடையில் நுழைப்பதும் சிலர் கையாளும் தந்திரங்கள். இவை போன்ற 13 வகை ஏமாற்று முறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் எடுத்துரைத்துத் தடை செய்திருக்கிறது. 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, வாங்குபவரின் புகாரை 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காணவும் வேண்டும். வாங்குபவரின் சம்மதத்தை அவருக்காக முன்கூட்டியே குறியிட்டு வைப்பதும் கூடாது.

சட்டம் இல்லாதிருந்தாலும் நமக்கு இது முறையன்று. 1844 இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துத் தொழிலாளர் 28 பேர் கூடிக் கடை திறந்தபோது, கலப்படமற்ற பொருளும் சரியான எடையுமே அவர்களுடைய விளம்பரமாக இருந்தன. அவர்களிலும் நெசவாளர் இருந்தனர். வாங்குபவரை ஒருமுறை ஏமாற்றிப் பெறும் விற்பனை விகிதக் கணக்கில் ஏறும். சங்கத்தின் பெயரில் கழியும். தனிவியாபாரி பெயர் கெட்டால் வேறு பெயரில் கடை திறப்பான். கூறைநாட்டுச் சேலைக்கு வேறு பெயர் கிடையாது.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திற்கு வருமுன், தளம் வைத்துள்ள ஒவ்வொரு சங்கமும் மூன்று எண்களை எழுதி வருமாறு வேண்டுகிறேன்: சென்ற மாதம் தளத்தைப் பார்த்தவர் எத்தனை பேர், வாங்கியவர் எத்தனை பேர், திருப்பி அனுப்பியவர் எத்தனை பேர். இவை கையில் இருந்தால் நிபுணர் வேண்டுமா வேண்டாவா என்பதை அங்கத்தினர்களே முடிவு செய்யலாம். இவை இல்லாத சங்கத்திற்கு எவரை நியமித்தும் பயனில்லை.